ஆண்கள் ஸ்பிரின்ட் சைக்கிள் பந்தயம்: தகுதிச் சுற்று முதல் இறுதி ஹீட் வரை படிப்படியாகப் புரிந்துகொள்ள ஒரு முழுமையான வழிகாட்டி

சர்வதேச டிராக் சைக்கிளிங் போட்டிகளில் ஆண்கள் ஸ்பிரின்ட்டை முதன்முறையாகப் பார்ப்பவருக்கு ஏற்படும் குழப்பம் எனக்கும் ஏற்பட்டது. உலகின் அதிவேக சைக்கிள் வீரர்கள் என்று அறிவிக்கப்பட்ட இருவர் மரத்தடத்தில் நடைவேகத்தில் உருண்டுகொண்டிருந்தார்கள். ஒருவர் மற்றவரைத் திரும்பித் திரும்பிப் பார்த்தார். இருவருமே முந்த விரும்பாதவர்கள் போலத் தெரிந்தார்கள். பிறகு ஒரு நொடியில் எல்லாம் மாறியது, பத்து நொடியில் பந்தயம் முடிந்தது. யார் வென்றார் என்பது தெரிந்தது, ஏன் வென்றார் என்பது தெரியவில்லை. அந்த ‘ஏன்’ என்ற கேள்விக்காக எழுதப்பட்டதே இந்த வழிகாட்டி.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வீரர்கள் நேருக்கு நேர் மோதும் ஒவ்வோர் ஓட்டத்துக்கும் ஹீட் என்று பெயர். 250 மீட்டர் தடத்தில் ஒரு ஸ்பிரின்ட் ஹீட் என்பது மூன்று சுற்றுகள், அதாவது 750 மீட்டர். அதில் கடைசி 200 மீட்டருக்குத்தான் நேரம் குறிக்கப்படுகிறது. ஆனால் பெரும்பாலான ஹீட்கள் தீர்மானமாவது அதற்கு முன்னால் உள்ள 550 மீட்டரில்தான். அங்கே வீரர்கள் இரண்டு பொருள்களைச் சேமிக்கிறார்கள்: ஒன்று உயரம், மற்றொன்று இடைவெளி. இந்த இரண்டையும் யார் எப்போது வேகமாக மாற்றிக்கொள்கிறார் என்று கவனிக்கப் பழகிவிட்டால், மெதுவாகத் தெரிந்த பகுதிதான் பந்தயத்தின் சுவையான பகுதி என்பது புரியும்.

படி 1: தடத்தைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்

ஒலிம்பிக் போட்டியும் உலகச் சாம்பியன்ஷிப்பும் இன்று 250 மீட்டர் சுற்றளவுள்ள உள்ளரங்க வெலோட்ரோம்களில், அதாவது சைக்கிள் பந்தய அரங்குகளில், நடக்கின்றன. தடத்தின் அகலம் குறைந்தது 7 மீட்டர். நேர்ப்பகுதிகளில் சாய்வு மிதமாக, ஏறக்குறைய 12 டிகிரி அளவில் இருக்கும். வளைவுகளில் அது 42 டிகிரியைத் தாண்டும். தொலைக்காட்சிப் படம் இந்தச் சாய்வைத் தட்டையாக்கிக் காட்டிவிடுவதால், கணக்குப் போட்டுப் பார்ப்பது நல்லது. 7 மீட்டர் அகலமுள்ள பலகை 42 டிகிரி சாய்ந்து நின்றால், அதன் மேல் விளிம்பு கீழ் விளிம்பைவிட சுமார் 4.7 மீட்டர் உயரத்தில் இருக்கும். ஒன்றரை மாடி உயரம் என்று வைத்துக்கொள்ளலாம்.

அந்த உயரம்தான் முதலாவது சேமிப்பு. மணிக்கு 43 கி.மீ. வேகத்தில் மேலே உருண்டுகொண்டிருக்கும் ஒரு வீரர் 4 மீட்டர் உயரத்தை இழந்து கீழே பாய்ந்தால், உராய்வையும் காற்றுத் தடையையும் கணக்கில் எடுக்காவிட்டால், பெடலை அழுத்தாமலேயே அவருடைய வேகம் மணிக்கு 53 கி.மீ.யைத் தாண்டும். இதே இறக்கத்தை அவர் மணிக்கு 72 கி.மீ. வேகத்தில் இருக்கும்போது எடுத்தால் கிடைக்கும் கூடுதல் 7 கி.மீ.க்கும் குறைவு. ஒரே உயரம் மெதுவான வேகத்தில் அதிக விலைக்கும் அதிவேகத்தில் குறைந்த விலைக்கும் போகிறது. எனவே எந்தக் கட்டத்தில் இறங்குவது என்பதே ஒரு தந்திரமாகிவிடுகிறது.

அடுத்து கோடுகள். தடத்தின் கீழ் விளிம்பை ஒட்டி வெளிர்நீலப் பட்டை ஒன்று இருக்கும். அது பந்தயத் தடத்தின் பகுதி அல்ல. முந்துவதற்கு அதைப் பயன்படுத்தக்கூடாது. அதற்கு மேலே உள்ள கருப்புக் கோடு தடத்தின் நீளத்தை அளக்கும் கோடு. 250 மீட்டர் என்பது அந்தக் கோட்டின் வழியாகச் சென்றால்தான் 250 மீட்டர். உள் விளிம்பிலிருந்து 85 செ.மீ. தூரத்தில் வரையப்பட்ட சிவப்புக் கோடு ஸ்பிரின்ட் வீரருக்கு எல்லாவற்றிலும் முக்கியமானது. கருப்புக்கும் சிவப்புக்கும் இடைப்பட்ட குறுகிய பாதைக்கு ஸ்பிரின்ட் பாதை என்று பெயர். அதைப் பிடித்தவருக்கு விதிகள் ஒரு பாதுகாப்பைத் தருகின்றன. படி 7-இல் அதற்கு வருகிறேன். இன்னும் மேலே உள்ள நீலக் கோடு இந்தப் பந்தயத்தில் உயரத்தை அடையாளம் காணும் ஒரு குறியாக மட்டும் நமக்குப் பயன்படும். முடிவுக் கோட்டுக்கு 200 மீட்டர் முன்னால் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு உண்டு. நேரம் அங்கிருந்து ஓடத் தொடங்குகிறது.

மேலே செல்வதற்கு ஒரு விலையும் இருக்கிறது. வளைவில் கருப்புக் கோட்டைவிட ஒரு மீட்டர் மேலே சுற்றுபவர், ஒவ்வொரு வளைவுக்கும் இரண்டு மீட்டருக்கு மேல் கூடுதலாக ஓட்ட வேண்டும். ஒரு சைக்கிளின் நீளத்தைவிட அது அதிகம். இந்த ஒரு கணக்கை மனத்தில் வைத்துக்கொண்டால், வளைவில் வெளிப்பக்கமாக முந்த முயல்பவர் ஏன் அடிக்கடி தோற்றுப்போகிறார் என்று வியக்க வேண்டியிருக்காது.

படி 2: சைக்கிளைப் பாருங்கள், ஆனால் அதிலேயே தங்கிவிடாதீர்கள்

டிராக் சைக்கிளுக்குப் பிரேக் கிடையாது, கியர் மாற்றும் வசதியும் கிடையாது. பின் சக்கரம் சுழலும்வரை பெடலும் சுழலும். வேகத்தைக் குறைக்க வேண்டுமானால் காலால் பெடலை எதிர்த்து அழுத்த வேண்டும் அல்லது சரிவில் மேலே ஏற வேண்டும். எடை 6.8 கிலோவுக்குக் குறையக்கூடாது. பின்னால் மூடிய வட்டச் சக்கரம் இருக்கும். கால் கழன்றுவிடாதபடி பெடல் பூட்டுக்கு மேல் வாரையும் இழுத்துக் கட்டிக்கொள்வார்கள்.

இதில் நிதானித்துப் பார்க்க வேண்டியது கியர். பெடலோடு சுழலும் 48 பல் முன் பற்சக்கரமும் 14 பல் பின் பற்சக்கரமும் பூட்டிய சைக்கிள், பெடல் ஒரு முறை சுற்றினால் ஏறக்குறைய 7.2 மீட்டர் செல்லும். அதே பின் பற்சக்கரத்துடன் 60 பல் முன் பற்சக்கரத்தைப் பூட்டினால் 9 மீட்டர் செல்லும். முந்தைய தலைமுறை வீரர்கள் முதல் வகைக்கு நெருங்கிய சிறிய கியரில் மணிக்கு 70 கி.மீ. ஓட நிமிடத்துக்கு 160 முறைக்கு மேல் காலைச் சுழற்றினார்கள். இன்றைய வீரர் பெரிய கியரில் மணிக்கு 79 கி.மீ. வேகத்தில் செல்லும்போதும் அவருடைய கால் நிமிடத்துக்கு 150-ஐத் தொடுவதில்லை.

இந்த மாற்றம் பந்தயத்தின் இயல்பையே மாற்றிவிட்டது. சிறிய கியரில் நின்ற நிலையிலிருந்து சட்டென்று பாய முடியும். அதனால் பழைய பந்தயங்களில் ஏமாற்று வித்தைகளும் திடீர்த் தாவல்களும் நிறைய இருந்தன. பெரிய கியரை வேகமெடுக்க வைக்க நேரம் பிடிக்கும், ஆனால் ஒருமுறை எடுத்த வேகம் நீண்ட தூரம் தாங்கும். ஆகையால் இன்றைய வீரர்கள் முழுவதுமாக நின்றுவிட அஞ்சுகிறார்கள். வேகத்தை ஓரளவு காத்துக்கொண்டே சுற்றி, ஒன்றரைச் சுற்று மீதமிருக்கும்போதே விசையைக் கூட்டத் தொடங்குகிறார்கள். பழைய பாணியே அழகு என்று வாதிடுபவர்கள் உண்டு. எனக்கு அந்த ஏக்கம் புரிகிறது, ஆனாலும் இன்றைய பந்தயத்தில் தந்திரம் செத்துவிட்டது என்பதை நான் ஏற்கமாட்டேன். அது வேகமான வடிவத்துக்கு மாறியிருக்கிறது, அவ்வளவுதான்.

படி 3: தகுதிச் சுற்றைத் தவறவிடாதீர்கள்

ஸ்பிரின்ட்டின் தகுதிச் சுற்று ‘பறக்கும் 200 மீட்டர்’ எனப்படுகிறது. தடத்தில் ஒரே ஒரு வீரர்தான் இருப்பார். 250 மீட்டர் தடத்தில் அவருக்கு மூன்றரைச் சுற்றுகள் தரப்படும்; கடைசி 200 மீட்டர் மட்டும் ஆயிரத்தில் ஒரு நொடி வரை துல்லியமாக அளக்கப்படும். மற்ற தூரமெல்லாம் அந்த 200 மீட்டருக்கான ஆயத்தம்.

வீரர் முதலில் மேல் விளிம்பின் கம்பித் தடுப்பை ஒட்டியே சுற்றுவார். இரண்டாவது சுற்றில் மெல்ல வேகத்தைக் கூட்டுவார். ஏறக்குறைய ஒன்றரைச் சுற்று மீதமிருக்கும்போது இருக்கையிலிருந்து எழுந்து முழு உடலாலும் பெடலை மிதிப்பார். பிறகு முடிவுக் கோட்டைக் கடந்து முதல் வளைவுக்குள் நுழையும்போது, சேமித்த உயரம் அனைத்தையும் ஒரே பாய்ச்சலில் செலவழித்துக் கருப்புக் கோட்டை நோக்கி இறங்குவார். 200 மீட்டர்க் கோடு அந்த வளைவுக்குள்ளேயே இருக்கிறது. சற்று முன்னதாக இறங்கினால் கோட்டை அடையும்போது வேகம் உச்சத்தைத் தாண்டி இறங்கத் தொடங்கியிருக்கும்; சற்றுத் தாமதமாக இறங்கினால் அளக்கப்படும் தூரத்திலேயே இன்னும் சரிவில் வளைந்துகொண்டிருப்பார். அங்கிருந்து முடிவுவரை கருப்புக் கோட்டை விட்டு ஒரு கை அகலம்கூட மேலே மிதக்காமல் இருக்க வேண்டும். வளைவின் வெளியேற்றத்தில் சக்கரம் தானாகவே மேலே இழுக்கும். நல்ல வீரருக்கும் மிக நல்ல வீரருக்கும் உள்ள வேறுபாட்டை அந்த இடத்தில் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்.

இந்தச் சுற்றின் சாதனை வரலாறு சுருக்கமானது, ஆனால் கூர்மையானது. 1995-இல் கனடாவின் கர்ட் ஹார்னெட், கடல் மட்டத்திலிருந்து வெகு உயரத்தில் உள்ள பொகோட்டாவில் 9.865 நொடியில் ஓட்டிப் பத்து நொடித் தடையை உடைத்தார். 2013-இல் பிரான்சின் பிரான்சுவா பெர்வி மெக்சிகோவின் அக்வாஸ்காலியன்டெஸ் நகரில் 9.347 நொடியிலும், 2019-இல் டிரினிடாட் டொபாகோவின் நிக்கோலஸ் பால் பொலிவியாவின் கோச்சபாம்பாவில் 9.100 நொடியிலும் கடந்தார்கள். இவை மூன்றுமே உயரமான நகரங்கள். அங்கே காற்று அடர்த்தி குறைவு. அதிவேகத்தில் வீரரின் ஆற்றலில் பெரும்பகுதியை விழுங்குவது காற்றுத் தடைதான் என்பதால், மெல்லிய காற்று நேரடியாக நேரத்தைக் குறைக்கிறது.

அதனால்தான் 2024 பாரிஸ் ஒலிம்பிக் தகுதிச் சுற்று இவ்வளவு பேசப்பட்டது. பாரிஸுக்கு அருகே, உயரத்தின் உதவி ஏதுமில்லாத சான்-காந்தான் தடத்தில், அப்போது ஆஸ்திரேலியாவுக்காக ஓட்டிய மேத்யூ ரிச்சர்ட்சன் 9.091 நொடியில் உலகச் சாதனையை முறியடித்தார். அதே சுற்றில் நெதர்லாந்தின் ஹாரி லவ்ரைசன் 9.088 நொடியில் அதைப் பறித்துக்கொண்டார். அந்த 0.003 நொடி வேறுபாட்டைத் தூரமாக மாற்றினால் ஏழு செ.மீ.க்கும் குறைவு. பின்னர் பிரிட்டனுக்கு மாறிய ரிச்சர்ட்சன், 2025 ஆகஸ்டில் துருக்கியின் கோன்யா தடத்தில் முதலில் 8.941, அடுத்த நாள் 8.857 என்று ஓட்டி, ஒன்பது நொடிக்குக் கீழே சென்ற முதல் மனிதரானார். சராசரி வேகம் மணிக்கு 81 கி.மீ.க்கு மேல். பத்து நொடித் தடை உடைந்ததிலிருந்து ஒன்பது நொடித் தடை உடையும்வரை முப்பது ஆண்டுகள் ஆகியிருக்கின்றன.

படி 4: அட்டவணையை விளங்கிக்கொள்ளுங்கள்

பறக்கும் 200 மீட்டரின் நேரம் பதக்கம் தருவதில்லை. அது அட்டவணையில் இடத்தைத் தருகிறது. வேகமானவர் மெதுவானவரைச் சந்திக்கும்படி ஜோடிகள் அமைக்கப்படுகின்றன. பாரிஸ் ஒலிம்பிக்கில் 30 வீரர்கள் தொடங்கினார்கள்; 24 பேர் முன்னேறினார்கள். முதல் இடத்தைப் பிடித்தவர் 24-ஆம் இடத்தைப் பிடித்தவரையும், இரண்டாமவர் 23-ஆம் இடத்தவரையும் சந்தித்தார்கள். பன்னிரண்டு ஹீட்களில் வென்ற 12 பேர் நேரடியாக முன்னேற, தோற்ற 12 பேர் மூன்று மூன்று பேராக மறுவாய்ப்புச் சுற்றில் ஓடி, அதிலிருந்து நால்வர் மீண்டார்கள். இப்படியே 16, 12 என்று குறைந்து கால் இறுதிக்கு எட்டுப் பேர் வந்துசேர்ந்தார்கள்.

மூவர் ஓடும் மறுவாய்ப்பு ஹீட்டைத் தனி விளையாட்டாகவே கருத வேண்டும். இருவர் ஒருவரையொருவர் காத்துக்கொண்டிருக்கும்போது மூன்றாமவர் நழுவிவிடுவார். உலகச் சாம்பியன்ஷிப்பில் தொடக்கச் சுற்றுகளின் அமைப்பு வேறு என்பதால், எந்தப் போட்டியைப் பார்க்கிறீர்களோ அதன் அட்டவணையை முன்னதாகவே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

கால் இறுதியிலிருந்து எல்லாம் மாறுகிறது. அதுவரை ஒரே ஹீட்டில் முடிவு; அதன் பிறகு மூன்றில் இரண்டு.

படி 5: தொடக்கத்தையும் முதல் சுற்றையும் கவனியுங்கள்

தொடக்கக் கோட்டில் இருவரும் உதவியாளர்களால் பிடித்து நிறுத்தப்பட்டிருப்பார்கள். யார் உள்பக்கம் என்பது குலுக்கலில் முடிவாகும். உள்பக்கம் கிடைத்தவர் முன்னால் செல்ல வேண்டும். எதிர்ப்பக்க நேர்ப்பகுதியின் நடுவிலுள்ள கோட்டை அடையும்வரை அவர் குறைந்தது நடைவேகத்திலாவது முன்னேற வேண்டும், மற்றவரை முன்னால் தள்ள எந்தச் சூழ்ச்சியும் செய்யக்கூடாது. இரண்டாவது ஹீட்டில் இடங்கள் மாறும். மூன்றாவது தேவைப்பட்டால் மீண்டும் குலுக்கல்.

அந்தக் கோட்டுக்குப் பிறகு நின்றுவிடலாம். பிரேக் இல்லாத சைக்கிளில், சரிவில் முன்சக்கரத்தைத் திருப்பி, பெடலை முன்னும் பின்னும் மிக நுணுக்கமாக அசைத்து அசையாமல் நிற்பது பெரும் திறமை. முன்னால் இருப்பவர் நிற்பதன் நோக்கம் ஒன்றுதான்: பின்னால் இருப்பவரின் பொறுமையையோ சமநிலையையோ குலைத்து அவரை முன்னால் போகவைப்பது. காற்றை முதலில் கிழித்துச் செல்பவருக்குச் செலவு அதிகம், பின்னால் மறைவில் வருபவருக்குக் குறைவு என்பதே இந்த நாடகத்தின் அடிப்படை.

1964 டோக்கியோ ஒலிம்பிக் அரை இறுதியில் இத்தாலியின் ஜோவான்னி பெட்டெனெல்லாவும் பிரான்சின் பியர் த்ரான்தானும் 21 நிமிடம் 57 நொடி அசையாமல் நின்றார்கள். 1968-இல் அதே பெட்டெனெல்லா, செர்ஜியோ பியான்கெட்டோவுடன் இத்தாலிய தேசியப் போட்டியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் நின்றார். பியான்கெட்டோ மயங்கி விழுந்ததில்தான் அது முடிந்தது. இன்றைய விதிப்படி ஒரு நிறுத்தம் 30 நொடியைத் தாண்டக்கூடாது. ஒரு ஹீட்டில் இரண்டு நிறுத்தங்களுக்குமேல் அனுமதியும் இல்லை. 30 நொடி முடிந்ததும் முன்னால் இருப்பவரை நகரும்படி நடுவர் உத்தரவிடுவார்.

இதே மெதுவான ஆட்டத்தால் வேறொரு தொல்லையும் ஒருமுறை நடந்திருக்கிறது. 1908 லண்டன் ஒலிம்பிக்கில் ஸ்பிரின்ட்டுக்கு நேர வரம்பு இருந்தது. இறுதிப் போட்டியில் வீரர்கள் மெதுவாகச் சுற்றியே அந்த வரம்பைத் தாண்டிவிட்டதால், பிரான்சின் மோரிஸ் ஷீல் முதலில் வந்தும் பந்தயம் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது. அந்த ஆண்டு ஸ்பிரின்ட்டுக்குப் பதக்கமே இல்லை.

படி 6: முன்னவர், பின்னவர் என்ற இரு பாத்திரங்களைப் பிரித்துப் பாருங்கள்

இதுவே இந்த வழிகாட்டியின் மையம். மற்றவற்றை மறந்தாலும் இதை மறவாதீர்கள்.

முன்னால் செல்பவருக்குக் குறுகிய பாதை சொந்தம், ஆனால் பின்பக்கக் கண் கிடையாது. எனவே அவர் இடைவிடாமல் தோளுக்கு மேல் திரும்பிப் பார்ப்பார். அவர் பார்ப்பது எதிராளியின் முகத்தை அல்ல. எதிராளி எத்தனை சைக்கிள் நீளம் பின்னால் இருக்கிறார், எவ்வளவு மேலே இருக்கிறார் என்ற இரண்டை மட்டுமே. அவர் செய்ய விரும்புவது இந்த இரண்டையும் பறிப்பது. எதிராளி மேலே ஏறினால் தானும் மேலே ஏறிக் கம்பித் தடுப்பை நோக்கி அவரை நெருக்குவார். எதிராளி இடைவெளி விட்டால் தானும் வேகத்தைக் குறைத்து அந்த இடைவெளியை மூடுவார். இடைவெளி இல்லாத பின்னவரால் பாய்ச்சலுக்கு ஓட்டம் பிடிக்க முடியாது.

பின்னால் வருபவருக்கு எல்லாம் தெரிகிறது. முதலில் நகரும் உரிமையும் மறைவின் சலுகையும் அவருக்கே. அவர் வேண்டுமென்றே சில சைக்கிள் நீளம் பின்தங்குவார். முன்னவர் வேகமெடுத்ததும் உடனே ஒட்டிக்கொள்ள மாட்டார்; அந்த இடைவெளிக்குள் தன் வேகத்தைக் கூட்டி, முன்னவரின் பின் சக்கரத்தை அடையும் நேரத்தில் அவரைவிட அதிக வேகத்தில் இருப்பார். அந்தக் கூடுதல் வேகம் குறையும் முன்னரே வெளிப்பக்கம் விலகி முந்த வேண்டும்.

எங்கே முந்துவது? இங்கே மீண்டும் சிறு கணக்கு. பின்னவர் முன்னவரைவிட மணிக்கு 2 கி.மீ. அதிக வேகத்தில் இருக்கிறார் என்று கொள்வோம். நொடிக்கு சுமார் 56 செ.மீ. வீதம் அவர் நெருங்குகிறார்; ஒரு சைக்கிள் நீளத்தைக் கடக்க மூன்று நொடி தேவை. மணிக்கு 79 கி.மீ. வேகத்தில் மூன்று நொடிக்குள் 66 மீட்டர் தடம் ஓடிவிடும். 250 மீட்டர் தடத்தின் நேர்ப்பகுதியோ 40 மீட்டரை ஒட்டியதுதான். கடைசி நேர்ப்பகுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று காத்திருப்பவர் தோற்றுவிட்டார் என்றே பொருள். முந்தும் முயற்சி எதிர்ப்பக்க நேர்ப்பகுதியிலேயே தொடங்கியிருக்க வேண்டும், அல்லது கடைசி வளைவு முழுவதும் மறைவில் இருந்துகொண்டு கூடுதல் வேகத்தைச் சேர்த்து, வளைவு முடியும் இடத்தில் வெளியே வர வேண்டும்.

முன்னவருக்கு இதற்கு ஒரு கொடூரமான பதில் உண்டு. அவர் தன் முழு வலிமையையும் ஒரே நேரத்தில் காட்டமாட்டார். பின்னவரின் முன் சக்கரம் தன் இடுப்புக்கு இணையாக வந்து, இருவரும் கடைசி வளைவுக்குள் நுழையும் நொடியில்தான் மிச்சம் வைத்திருந்த விசையைக் கொடுப்பார். இப்போது வெளிப்பக்கம் இருப்பவர் காற்றை நேராக வாங்குகிறார், இரண்டு மீட்டர் கூடுதல் தூரமும் ஓட்டுகிறார். பின்வாங்கி மீண்டும் மறைவுக்குள் நுழையவும் நேரமில்லை. வளைவு முடிவதற்குள் அவருடைய சக்கரம் இடுப்பிலிருந்து பின்சக்கரத்துக்கு நழுவும். பார்ப்பவருக்கு அவர் களைத்துவிட்டதாகத் தோன்றும்; உண்மையில் அவர் வளைவின் வெளிப்பக்கத்தில் தொங்கவிடப்பட்டார்.

இந்த இரு பாத்திரங்களுக்கும் நடுவே ஒரு மூன்றாவது வழி உண்டு. பின்னவர் மேலே, முன்னவருக்குச் சற்றுப் பின்பக்கமாக இருந்து, முன்னவரின் பார்வை மறுபுறம் திரும்பிய கணத்தில் சரிவில் பாய்ந்து, ஒன்றரைச் சுற்றுக்கு மேல் மீதமிருக்கும்போதே முன்னிலையைப் பறித்துக்கொள்வது. வெகுதூரம் தாங்கும் கால் உள்ளவர்களுக்கே இது பொருந்தும். பின்தொடர்பவர் ஒரு நொடி தயங்கினால், மறைவின் பலன் கிடைக்காத அளவுக்கு இடைவெளி விழுந்துவிடும். கிலோமீட்டர் பந்தயத்தில் உலகச் சாம்பியனான நெதர்லாந்தின் ஜெஃப்ரி ஹூக்லாந்த் போன்ற நீடிக்கும் வலிமை கொண்ட வீரர்களுக்கு எதிராளி இத்தகைய நீண்ட ஓட்டத்தை அனுமதிப்பது ஆபத்து. மாறாக, உடல் சிறியவர்களும் சட்டென்று பாய்பவர்களும் பந்தயத்தைக் குறுக்கப் பார்ப்பார்கள். மலேசியாவின் அசிசுல்ஹஸ்னி அவாங் பெரிய உடல்களுக்கு இடையே இத்தனை ஆண்டுகள் நிலைத்தது எதிராளி எதிர்பாராத இடத்தில் புகும் துணிச்சலால்தான் என்பது என் கணிப்பு.

மணி அடிக்கும்போது, அதாவது கடைசிச் சுற்றின் தொடக்கத்தில், ஒரு விநாடி கண்ணை நிறுத்தி மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: யார் முன்னால், இடைவெளி எவ்வளவு, பின்னவர் எவ்வளவு உயரத்தில். சில ஹீட்களைப் பார்த்த பிறகு, அந்த இடத்திலேயே முடிவை ஊகிக்க உங்களால் முடியும். தவறாகப் போகும் ஊகங்கள்தான் அதிகம் கற்றுத்தரும்.

படி 7: இறுதி ஓட்டத்தின் விதிகளை அறிந்துகொள்ளுங்கள்

இறுதி ஓட்டம், அதாவது ஹீட்டின் கடைசி முழுவேகப் பாய்ச்சல், தொடங்கும்வரை வீரர்கள் தடத்தின் முழு அகலத்தையும் பயன்படுத்தலாம். ஆனால் எதிராளி கடந்து செல்ல இடமில்லாதபடி அவரைத் தடத்துக்கு வெளியே தள்ளக்கூடாது. இறுதி ஓட்டம் தொடங்கியதும், அது 200 மீட்டர்க் கோட்டுக்கு முன்னதாகவே தொடங்கினாலும், ஒவ்வொருவரும் தம் பாதையை முடிவுக் கோடுவரை காக்க வேண்டும். தெளிவான இடைவெளியுடன் முன்னால் இருந்தால் மட்டுமே பாதை மாறலாம்.

சிவப்புக் கோட்டுக்குக் கீழே உள்ள பாதையில் முன்னவர் இருந்தால், அவரை உள்பக்கமாக முந்தவோ தாக்கவோ கூடாது. வெளிப்பக்கமாக மட்டுமே செல்ல வேண்டும். அதே வேளையில் முன்னவர் அந்தப் பாதையை விட்டு மேலே மிதந்துவிட்டால், உள்பக்கம் திறந்துவிடுகிறது. அங்கே பின்னவர் ஏற்கெனவே புகுந்துவிட்ட பிறகு, கீழே இறங்கி அவரை அடைப்பது குற்றம். நெருக்கமான ஹீட்டுக்குப் பிறகு நடுவர்கள் ஒளிப்பதிவை மீண்டும் மீண்டும் ஓட்டிப் பார்ப்பது பெரும்பாலும் சிவப்புக் கோட்டைச் சார்ந்த இந்தக் கேள்விக்குத்தான். குற்றம் நிரூபணமானால், முதலில் வந்தவர் அந்த ஹீட்டை இழப்பார். எச்சரிக்கைகள் குவிந்தாலோ குற்றம் ஆபத்தானதாக இருந்தாலோ போட்டியிலிருந்தே வெளியேற்றப்படலாம். கீழே விழுவது, டயர் வெடிப்பது, சைக்கிளின் முக்கியப் பாகம் உடைவது ஆகியவற்றுக்குத் தனி ஏற்பாடுகள் உண்டு. துப்பாக்கி ஒலித்தால் பந்தயம் நிறுத்தப்பட்டது என்று பொருள்.

முடிவுக் கோட்டில் கணக்கில் வருவது முன் டயரின் முன் விளிம்பு. எனவே கடைசி நொடியில் வீரர்கள் கைகளை நீட்டி, உடலைப் பின்னுக்குத் தள்ளி, சைக்கிளை முன்னால் எறிவதைப் பார்க்கலாம். உடல் அதே வேகத்தில்தான் செல்கிறது, ஆனால் சக்கரம் சில அங்குலங்கள் முன்னே போகிறது. அதைச் சரியான கணத்தில் செய்யாவிட்டால் பலனில்லை. கோட்டுக்கு ஒரு மீட்டர் முன்னதாக எறிந்தவரின் சைக்கிள், கோட்டை அடையும்போது மீண்டும் உடலுக்கு அடியில் வந்திருக்கும்.

படி 8: மூன்று ஹீட்களை ஒரே உரையாடலாகப் பாருங்கள்

கால் இறுதிக்குப் பிறகு ஒரே எதிராளியை இரண்டு அல்லது மூன்று முறை சந்திக்க வேண்டியிருப்பதால், முதல் ஹீட் ஒரு கேள்வி, இரண்டாவது அதற்கான பதில். முதல் ஹீட்டில் பின்னால் இருந்து தோற்றவர், இரண்டாவதில் முன்னால் இருக்க நேரும்போது என்ன மாற்றுகிறார் என்பதைப் பாருங்கள். நீண்ட ஓட்டத்தால் தோற்றவர் அடுத்த முறை முன்னதாகவே முன்னிலையைப் பிடித்து வேகத்தைக் குறைத்துவைப்பார். குறுகிய பாய்ச்சலால் தோற்றவர் வேகத்தை முன்கூட்டியே உயர்த்தி எதிராளியின் பாய்ச்சலை மழுக்குவார்.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு 2021-இல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக் இறுதி. லவ்ரைசனும் ஹூக்லாந்தும் ஒரே நாட்டவர், ஒன்றாகப் பயிற்சி செய்பவர்கள், ஒருவரின் காலை மற்றவர் தன் காலைப்போல் அறிந்தவர்கள். முதல் ஹீட்டை ஹூக்லாந்த் வென்றார். அடுத்த இரண்டையும் லவ்ரைசன் வென்று தங்கம் பெற்றார். பாரிஸ் இறுதியில் ரிச்சர்ட்சனை அவர் மூன்றாவது ஹீட்டுக்கே போகவிடாமல் வென்றார். மேடுபள்ளத் தடத்தில் சிறு சைக்கிளில் ஓடும் பிஎம்எக்ஸ் பந்தயத்திலிருந்து டிராக்குக்கு வந்த லவ்ரைசன் 2019 முதல் 2024 வரை ஒவ்வோர் ஆண்டும் இந்தப் பிரிவின் உலகச் சாம்பியன்.

அவருக்கு முன்னால் இருந்தவர்களையும் தேடிப் பார்க்கலாம். பிரான்சின் டேனியல் மோரெலோன் 1968-இலும் 1972-இலும் ஒலிம்பிக் தங்கம் வென்றார். 1976-இல் செக்கோஸ்லோவாக்கியாவின் ஆன்டன் ட்காச் அவரை இறுதியில் வீழ்த்தினார். ஜப்பானின் கோயிச்சி நகானோ 1977 முதல் 1986 வரை தொடர்ந்து பத்து முறை தொழில்முறை ஸ்பிரின்ட் உலகப் பட்டத்தை வென்றார். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் நாட்டுக்கு ஒருவரே என்ற விதி இருந்தபோது, நடப்புச் சாம்பியன் கிறிஸ் ஹோயை விட்டுவிட்டு ஜேசன் கென்னியைப் பிரிட்டன் தேர்ந்தெடுத்தது. கென்னி இறுதியில் பிரான்சின் கிரெகோரி போஜேயை வென்றார், 2016-இலும் தங்கத்தைத் தக்கவைத்தார். கென்னியின் ஹீட்களை நான் அதிகம் பரிந்துரைப்பேன். அவர் எதையும் பெரிதாகச் செய்வதாகத் தெரியாது. எதிராளிக்குத் தேவையான இடைவெளி மட்டும் எப்போதும் கிடைக்காமல் போகும்.

படி 9: பதிவை மீண்டும் பார்க்கும் முறை

ஒரு ஹீட்டின் பதிவை மூன்று முறை பாருங்கள். முதல் முறை முன்னவரின் தலையை மட்டும் பாருங்கள்: எத்தனை முறை திரும்புகிறார், எந்த இடத்தில் திரும்புவதை நிறுத்துகிறார் என்று எண்ணுங்கள். அவர் திரும்புவதை நிறுத்தி முகத்தை முன்னே வைத்த கணமே இறுதி ஓட்டத்தின் உண்மையான தொடக்கம். இரண்டாவது முறை பின்னவரின் முன்சக்கரத்துக்கும் முன்னவரின் பின்சக்கரத்துக்கும் இடையிலுள்ள வெளியை மட்டும் பாருங்கள்; அது எப்போது அகலமாக இருக்கிறது, எப்போது சுருங்குகிறது, சுருங்கும்போது அவர்கள் வளைவில் இருக்கிறார்களா நேர்ப்பகுதியில் இருக்கிறார்களா என்று குறித்துக்கொள்ளுங்கள். மூன்றாவது முறை ஒலியை அணைத்துவிட்டு, கடைசி வளைவில் வெளிப்பக்கம் இருப்பவரின் சக்கரத்துக்கும் சிவப்புக் கோட்டுக்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். ஒரு கை அகலம் குறைவாக ஓடியிருந்தால் வென்றிருப்பாரா என்பதை, நீங்கள் குறித்த இடைவெளியையும் திரையில் வரும் நேரத்தையும் வைத்து நீங்களே கணக்கிட்டுவிடலாம்.